மாரிஸ் இன்ஜினுக்கு ஒரு காது வேண்டும்

அல்சூர், பெங்களூர்
4-10-1998

அன்புள்ள மகன் ஷங்கருக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா, தர்ஷினி, நான் மூவரும் இருக்கிறோம், நீ மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்று சோமேஸ்வரரைக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து தங்கச்சி தர்ஷினியுடையது. என் வலது உள்ளங்கை வெந்து கட்டுப் போட்டிருக்கிறது, பயப்படாதே, ஆறிவிடும். நான் பேசுகிறபடி எழுது என்றால் கேட்காமல் புத்தகத்தில் வருவதுபோல் மாற்றி எழுதுகிறாள், ஒன்பதாவது படிக்கிறாள் அல்லவா. அம்மா கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து ஷெட்டில் உட்கார வைத்து எழுதச் சொல்கிறேன், ஏன் என்று போகப் போகத் தெரியும்.

ஓஸ்வால்ட் துரையின் 38ஆம் வருடத்து மாரிஸ் கார் நினைவிருக்கும். நீ போகும்போது பிரித்துப் போட்டிருந்த அந்த இன்ஜினை எட்டு மாதம் பாடுபட்டு முடித்தேன். கிராங்க் கடைந்து, பேரிங்குக்கு உலோகம் உருக்கி ஊற்றி, எல்லாம் புதிது. வண்டியில் ஏற்றுமுன் ஓட்டிப் பார்க்க, நாம் செய்த அதே இரும்புச் சட்டத்தில் பூட்டி, ரேடியேட்டரைக் கம்பியால் கட்டி, ஆஸ்பத்திரி குளுக்கோஸ் பாட்டிலில் பெட்ரோல் தொங்கவிட்டேன். துரை இருபத்திரண்டாம் தேதி மகளோடு ஆஸ்திரேலியாவுக்கே போய்விடுகிறார். அவருடைய அப்பா ஓட்டிய வண்டி, போகுமுன் ஒரே ஒரு தடவை சர்ச் வரைக்கும் நானே ஓட்டணும் உத்தமன், அது போதும் மேன் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தார்.

விஜயதசமியன்று ஓட்டுவதாக ஏற்பாடு. பூஜை போடும்போது விபூதி குங்குமம் உள்ளே விழக் கூடாதென்று ஆயில் ஊற்றும் வாயில், கை துடைக்கும் பனியன் வேஸ்ட்டை நான்தான் அடைத்தேன். ஒன்றரைக்கு ராகுகாலம், அதற்குள் ஸ்டார்ட் பண்ணுங்க என்று உன் அம்மா கற்பூரத் தட்டோடு நின்று அவசரப்படுத்தினாள். வேஸ்ட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஹேண்டில் போட்டேன், இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. துரை கைதட்டினார். நான் வழக்கம்போல் நீளமான ஸ்க்ரூ டிரைவரை பிளாக்கில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தேன் மாதிரி ஓடுது துரை என்றேன். ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். கையில் அதிர்வு மாறிக் கண்ணைத் திறந்தால் ஆயில் அழுத்தம் காட்டும் முள் கீழே கிடக்கிறது. பிளக் வயரைப் பிடுங்கப் போய்ச் சூட்டுக் குழாயில் கை வைத்துவிட்டேன். அதற்குள் இன்ஜின் ஒரு கத்துக் கத்தி அப்படியே இறுகிவிட்டது. பிரித்துப் பார்த்தால் ஒரு பிடி வேஸ்ட் அறுந்து உள்ளே விழுந்து, ஆயில் இழுக்கும் வலையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

கடைசல் பட்டறை வைத்திருக்கும் கலாசிபாளையம் கோவிந்தப்பா கிராங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரே ஒரு தடவை கடையலாம், அதுக்கு மேல ஆகல்ல சாமி, இதில் மிச்சம் இல்லை என்றார். வேறு கிராங்க் இந்த ஊரிலேயே கிடையாது. துரை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, சேரில் உட்கார்ந்து என் கைக்கு வாயால் ஊதிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அன்று சாயங்காலம் தர்ஷினி, ஆரம்பத்திலேயே டொக் டொக்கென்று யாரோ கதவைத் தட்டுவது மாதிரி கேட்டதே அப்பா, நீங்கள் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், அதனால் அது இருக்க வேண்டிய சத்தம் என்று நினைத்துவிட்டேன் என்றாள். எனக்குக் கேட்கவில்லை ஷங்கர். அன்று மட்டுமில்லை, இரண்டு வருடமாகவே சரியாகக் கேட்பதில்லை. நீ பக்கத்தில் இருந்தவரை உன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன், நீ போன பிறகு கையில் வரும் அதிர்வை வைத்து ஓட்டினேன். துரை எதிரில் கண்ணை மூடிக்கொண்டு நின்றது நடிப்பு. கண் திறந்திருந்தால் முள் இறங்குவதையாவது பார்த்திருப்பேன். கூப்பிட்டால் திரும்புவதில்லை, திமிர் பிடித்த மனுஷன் என்று உன் அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள், அது அப்படியே இருக்கட்டும். இதை எழுதமாட்டேன் என்று இவள் அழுதாள். எழுது என்று அதட்டித்தான் எழுத வைத்தேன்.

உனக்கு இரண்டு வருடம் முடியாமல் லீவு கிடையாது என்று தெரியும். வா என்று எழுதச் சொல்லி, பிறகு அடிக்கச் சொன்னேன், மேலே அடித்திருக்கிற இடம் அதுதான். வேறு ஒன்று யோசித்தேன். பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை உனக்கு லீவு, கோவிந்தப்பா கடைசியாகக் கடைந்து தரும் கிராங்கை அதற்குள் பூட்டிவிடுவேன். இந்தத் தடவை ராகுகாலமும் பார்க்கவில்லை, எமகண்டமும் பார்க்கவில்லை, உனக்கு ஓய்வான நேரம்தான் நல்ல நேரம். நம் ஊர் மணி ஒன்பதுக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போடு. பூத்காரன் சில்வெஸ்டரிடம் பேசிவிட்டேன், நீளமான ஒயர் போட்டு போனை ஷெட்டுக்குள் தருகிறேன் என்றான். நான் ஹேண்டில் போடுகிறேன், தர்ஷினி ரிசீவரை பிளாக் பக்கத்தில் பிடிப்பாள். இவளுக்குக் காது இருக்கிறது, ஆனால் எது நல்ல சத்தம், எது கெட்ட சத்தம் என்று தெரியாது. உனக்குத் தெரியும், ஆறு வருடம் கேட்டவன். லேசாகத் தட்டினாலும் நிறுத்து என்று இவளிடம் கத்து. இவள் கையைத் தூக்கினால் நான் அணைத்துவிடுவேன். போனில் அதெல்லாம் கேட்குமா என்று கேட்காதே. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, மிஷின் ஓடும் இடத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொள், நான் வைக்காமல் கெட்டேன். பதிலை வீட்டுக்குப் போடாமல் ஷெட் விலாசத்துக்குப் போடு.

இன்னும் ஒன்று. ஆடி மாதம் போன் செய்தபோது நெடுநேரம் ஏதோ சொன்னாய். நடுவில் கொஞ்சம் நிறுத்தி, மறுபடி சொன்னாய். நான் சரிப்பா, ஆகட்டும்பா, உன் இஷ்டப்படி செய் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு வார்த்தையும் எனக்கு விளங்கவில்லை. எதற்குச் சரி சொன்னேன் என்று தெரியாமலே இரண்டு மாதம் ஓடிவிட்டது. இன்ஜின் என்ன ஆனாலும் ஆகட்டும், அன்று என்ன சொன்னாய் என்பதை மட்டும் மறக்காமல் எழுது.

நீ எங்கிருந்தாலும் தீர்க்காயுசாக இருக்க ஆசீர்வதிக்கும்,
இடது கையால் போட்ட கையெழுத்து,
உன் அப்பா
உத்தமன்