பட்டு ரவிக்கையில் ஒரு வாழ்த்து அட்டை

என்னங்க,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. கல்யாண நாளுக்கு நீங்கள் செய்து கொடுத்த வாழ்த்து அட்டை அழகாகத்தான் இருக்கிறது. குட்டிக் குட்டித் துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, நடுவில் நட்சத்திரம் வேறு! ஆனால் அந்தத் துண்டெல்லாம் இன்றைக்கு நான் போட இருந்த பட்டு ரவிக்கை. கேட்டால், "பழசுன்னு நெனச்சிட்டேன் சைலு" என்கிறீர்கள். நேற்றுதான் டெய்லரிடமிருந்து வந்தது.

கோபமாகத் தங்கை வீட்டுக்குப் போகிறேன். போன் செய்யாதீர்கள்.

நீங்கள் விற்கத் தைத்து வைத்திருக்கும் அட்டைகளை வாங்கிப் போக ஆசிரமத்துப் பக்கத்து கஃபேயிலிருந்து சிவப்பிரியா வருவாள். "சார், பட்டுல இன்னும் ஜாஸ்தி வேணும்" என்பாள். தலையாட்டிவிடாதீர்கள். பீரோ சாவி என்னிடம் இருக்கிறது.

சைலஜா

பி.கு.: உங்கள் அட்டையையும் எடுத்துப் போகிறேன். தங்கை வீட்டுக்காரர் அவளுக்குக் கடையில்கூட ஒன்று வாங்கித் தந்ததில்லை. கொஞ்சம் வயிறு எரியட்டும்.