பூனைக்கண்

9.3.1986, ஞாயிறு

இன்று இரவு ஏழரை மணிக்கு புக்கிட் ரோத்தானிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நான் கொடுத்த தேநீரைத் தொடவில்லை. என் கண்ணையே பார்த்தார்.

"பூனைக்கண்ணா இருக்கே! போன வாரம் வீடியோவுல ஒரு பேய்ப்படம் பார்த்தோம்லா. இந்த மாதிரி கண்ணு உள்ளவதான் ராத்திரியில பூனையா மாறி, புருஷன் கழுத்தக் கடிக்கிறா. ஏம்மா, இருட்டுல உன் கண்ணு மின்னுமா?"

மாப்பிள்ளை சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கண்ணால்தான் ரவாங் எலக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் நாளெல்லாம் மயிரிழைக் கம்பிகளை ஒட்டுகிறேன். எவனோ எடுத்த படத்துக்கு நானா பதில் சொல்ல வேண்டும்?

"நீங்களே பாத்துக்குங்க அத்தை" என்று எழுந்துபோய் விளக்கை அணைத்தேன்.

"லைட்டப் போடுங்க!" என்று அலறியது மாப்பிள்ளைதான். போட்டேன். இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்.