நீ காணாத வெள்ளை லாமாக்கள்

இன்று காலை பலேர்மோவின் வுச்சீரியாச் சந்தையில் தக்காளி வாங்க நின்றபோது, பக்கத்துக் கடைக்காரர் காட்டுப் புதினாக் கட்டு ஒன்றைப் பிரித்து உதறினார். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் சந்தையில் இல்லை. பெரு நாட்டு மலைக் கிராமம் ஒன்றில், மண் சுவர் வீட்டில், நீ படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். வழிகாட்டி ஹூலியான் உனக்கென்று அவித்துக் கொண்டுவந்த மூலிகைத் தண்ணீருக்கும் இதே வாசம்தான். நீ போன பிறகு வருகிற இரண்டாவது வசந்தம் இது. நாள்தோறும் கதைத்துக்கொண்டிருந்த நமக்குள் கடிதப் பழக்கம் இருந்ததில்லை. இன்றுதான் முதல்முறையாக உனக்கு எழுதுகிறேன்.

பொலிதேயாமா நாடக அரங்குப் பக்கம் நீ துப்புரவு வேலை செய்த வீட்டின் சமையலறையில் ஒரு நாட்காட்டி தொங்கியது. அதில் ஒரு மாதத் தாளில் பச்சை மலையின் முதுகில் படிப்படியாகக் கட்டிய கல் மதில்கள். ஆள் நடமாட்டமே இல்லை. மாதம் முடிந்ததும் அந்தத் தாளை வீட்டுக்காரச் சிஞ்ஞோராவிடம் கேட்டு வாங்கி வந்து உன் அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்தாய். ஒருநாள் எனக்குத் திறந்து காட்டினாய்.

"இதின்ரை பேர் சொக்கெகிராவ். பெரு நாட்டிலை இன்கா ஆக்கள் கட்டின ஊர். பஸ் போகாது, றெயில் போகாது. ரெண்டு நாள் நடந்தாத்தான் காணலாம்."

"உனக்கென்ன விசரே?" என்று சிரித்தேன்.

"எவ்வளவு காலம் பஸ்ஸுக்குக் காத்து நிண்டிட்டம். பஸ் போகாத ஒரு இடத்துக்குப் போய்ப் பாப்பமடி."

விளையாட்டாகச் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிறு, நகரின் காவல் புனிதை சாந்தா ரோசாலியாவைக் கும்பிட நம் தமிழ் ஆட்களோடு பெல்லெக்ரீனோ மலை ஏறும்போது நீ முதுகில் ஒரு பை மாட்டியிருந்தாய். உள்ளே பத்துக் கிலோ அரிசி. பார்த்தவர்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்தார்கள். நீ மறுக்கவுமில்லை. மூன்றாம் ஞாயிறு, மலை நடைக்குப் பழக எனக்கும் ஒரு பை வந்தது.

நான் பயந்தவள் என்பது உனக்குத் தெரியும். வதிவிட அனுமதி கொடுக்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் என் பெயரைக் கூப்பிட்டால் எனக்காக நீதான் பதில் சொல்வாய். இருபது வருடம் அப்படியே போனது. இருவருக்கும் இத்தாலியக் குடியுரிமை கிடைத்தபோது, லண்டனுக்கு வா, கனடாவுக்கு வா என்று உறவுகள் எல்லாம் கூப்பிட்டன. பெரு என்று நீ சொன்னதும் என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. "அண்ணை, இவளை மூண்டு கிழமைக்கு என்னோடை விடுங்கோ. ஒரு குறையுமில்லாமல் கொண்டுவந்து தாறன்" என்றாய். அதற்குப் பிறகு அவரும் சரி என்றார்.

பெருவில் நடையின் முதல் நாள் முழுவதும் இறக்கம். அபுரீமாக் ஆறு கீழே நூல்போலத் தெரிந்தது. வளைந்து வளைந்து இறங்க இறங்க அதன் இரைச்சல் பெருத்தது. நான் தடியை ஊன்றி ஊன்றி இறங்கினேன். நீயோ ஹூலியானோடு கதைத்துக்கொண்டே முன்னால் போனாய். அவர் ஸ்பானிஷ், நீ வீட்டுவேலையில் பழகிய இத்தாலியன். இரண்டும் எப்படியோ பொருந்திப்போயின. மறுநாள் ஆற்றைக் கடந்து அதே அளவு ஏற்றம். அப்போதுதான் உன் கதை குறைந்தது. பத்து அடிக்கு ஒருதரம் நின்றாய். கிராமத்தை அடைந்தபோது உன் உதடுகள் நிறம் மாறியிருந்தன. எதிர்ச் சரிவில், மாலை வெயிலில், அலுமாரிக் கதவில் இருந்த அந்த மதில்கள் தெரிந்தன. இன்னும் ஒன்றரை மணித்தியால நடைதான்.

ஹூலியான் உன் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நீ இனி ஏறவே கூடாது, ஓய்வெடுத்துவிட்டுக் கோவேறு கழுதையில் திரும்ப வேண்டும் என்றார்.

"அப்ப நானும் போகேல்லை. ரெண்டு பேருமாத் திரும்புவம்" என்றேன்.

"விசர்க்கதை கதையாதை. ஒருத்தியாவது பாக்கவேணும். நீ போய் வடிவாப் பாத்துக்கொண்டு வா."

விடிந்ததும் உன்னை வீட்டுக்காரப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு ஹூலியானோடு போனேன். கூரையில்லாத வீடுகளையும் புல் வளர்ந்த முற்றத்தையும் கடந்து, மலையின் மறுபக்கம் செங்குத்தான கல் படிகளில் இறக்கினார். பாதியில் நிறுத்தித் திரும்பிப் பார்க்கச் சொன்னார். சாம்பல் நிற மதில்களில் வெள்ளைக் கற்களைப் பதித்து லாமாக்களைச் செய்திருந்தார்கள். ஒட்டகக் கழுத்துள்ள அந்த மலை விலங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தன. ஒன்றின் பின்னால் ஒரு குட்டி. என் பக்கத்தில் நீ இல்லாமல், எனக்காகப் பதில் சொல்ல ஒருவரும் இல்லாமல், அவ்வளவு தூரம் வந்து நின்றேன். அழுகை வந்தது. சந்தோஷம்தான் அதிகம். ஆனால் உன்னை நினைத்ததும் அது குற்றமாகப் பட்டது.

திரும்பி வந்தபோது நீ எழுந்து உட்கார்ந்திருந்தாய்.

"எப்பிடியடி?"

"சும்மா கல்லு மதில்தான். நீ இஞ்சையிருந்து கண்டதுதான், வேறொண்டுமில்லை."

என் முகத்தை உன் பக்கம் திருப்பினாய். "பொய் சொல்லாதை. உன்ரை கண் வீங்கிக் கிடக்கு. நான் கவலைப்படுவன் எண்டு மறைக்கிறியே? நான் வர ஏலாத இடத்திலை கண்டதை எனக்குத் தராமல் வைச்சிருந்தாத்தான் கவலைப்படுவன். சொல்லு."

சொன்னேன். நீ விடவில்லை. குட்டி தாயைப் பார்க்கிறதா, முன்னே பார்க்கிறதா? கற்கள் உப்பு வெள்ளையா, பால் வெள்ளையா? தெரியாது என்று நான் விழித்தபோது, "கண்ணை என்னட்டை விட்டிட்டுப் போனியோ?" என்று சிரித்தாய். சிரித்ததில் இருமல் வந்தது.

பலேர்மோ வந்ததும் உன் இதய வால்வில் பழுது என்றார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முதல்நாள் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த மலைக்குப் போகாமல் உன்னைத் தடுத்திருக்க வேண்டும் என்றேன்.

"மலை ஒண்டும் செய்யேல்லையடி. எனக்குள்ளை இருந்ததைக் காட்டித் தந்தது. போகாட்டி ஒருநாள் மொப் பிடிச்சபடியே விழுந்திருப்பன்."

வைத்தியரும் அதையேதான் சொன்னார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உனக்கு மூன்று வருடம் கிடைத்தது. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, எந்த மண்டபமாக இருந்தாலும் நீ பெரு நாட்டுக் கதையைத் தொடங்குவாய். கிராமம் வரை உன் கதை. பிறகு, "இனி நான் காணேல்லை, இவள்தான் கண்டவள்" என்று என்னை நடுவில் இழுத்துவிடுவாய். முதல்முறை இரண்டு வசனத்தோடு உட்கார்ந்துவிட்டேன். பத்தாம் முறை குழந்தைகள்கூட வாய் மூடிக் கேட்டார்கள். உன் இறுதிச் சடங்கில் யாராவது பேசவேண்டும் என்றார்கள். நான் எழுந்தேன். கையில் ஒரு தாளும் இல்லை.

உன் மகள் மதுராவுக்குத் துறைமுகத்தில் நாப்போலி போகும் கப்பலுக்கு ரிக்கெற் கொடுக்கும் வேலை. சென்ற மாதம் வீட்டுக்கு வந்தாள். "அன்ரி, ஓகஸ்டிலை எனக்கு ஃபேரியே லீவு கிடைச்சிருக்கு. அம்மா காணாத லாமாவைப் பாக்கவேணும். அந்தியாமோ, போவமா?" என்றாள். முதலில் இருவரும் இதயத்தைக் காட்டிப் பரிசோதிப்போம் என்றேன். பரிசோதித்தாயிற்று. ஒரு குறையுமில்லை.

நேற்று நானே ஹூலியானுக்குத் தொலைபேசி எடுத்தேன். குரல் கேட்டதும் உன்னைத்தான் விசாரித்தார். சொன்னேன். பிறகு எத்தனை பேர் வருகிறோம், எந்தப் பாதை, கோவேறு கழுதை வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொன்னேன். மதுரா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயம் போய்விட்டதா என்று கேட்பாய். இல்லையடி, அது இருக்கிறது. ஆனால் பயந்துகொண்டே வாயைத் திறக்கப் பழகிவிட்டேன். நீ என்னிடம் விட்டுப்போனது அதுதான். ஓகஸ்டில் அதையும் கொண்டுதான் ஏறப்போறன்.