ஊசி போட்ட பெண்

3-ஆம் தேதி, திங்கள்

என் சிட்டுக்கு,

உன் பெரியண்ணன் பாலம் கட்டுகிற வேலையில் மேற்பார்வையாளன் ஆகிவிட்டான். சின்னவன் வக்கீல் பரீட்சையில் முதல் தடவையே தேறிவிட்டான். அத்தை மகள் நீச்சலில் வாங்கிய பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டே தூங்குகிறாளாம். யார் வந்தாலும் இதையெல்லாம் சொல்லாமல் நான் அனுப்புவதில்லை. உன் பேச்சு வரும்போதுதான் இப்போது நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

உடைந்த மணிக்கட்டில் வைத்த தகடு உறுத்தவில்லை. நல்லவேளை, இடது கை. நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் ஏதோ வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. காலையில் நீ போட்ட ஊசி மறுநாள் விடியும்வரை என் கையை மரக்கட்டையாக வைத்திருந்ததே, அப்படி என்ன போட்டாய்? அந்த அம்மாவுக்கும் அன்றைக்கே அதே ஆபரேஷன். வேறு டாக்டர் ஊசி போட்டார். ராத்திரி முழுக்க அழுதாள்.

பாட்டி
(ஐந்தாம் வகுப்பு. தப்பு இருந்தால் திருத்திப் படி.)


11-ஆம் தேதி, செவ்வாய்

பாட்டிக்கு,

தோள்பட்டைக்கு மேலே, கைக்குப் போகிற நரம்புகளைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தைப் போட்டேன். அது மட்டும் என்றால் ராத்திரிக்குள் தெளிந்து, வலி மொத்தமாக வரும். அதனால் டெக்சாமெத்தசோன் என்ற மருந்தைக் கொஞ்சம் சேர்த்தேன். தனியாகப் போட்டால் அது எதையும் மரக்கவைக்காது. கூடச் சேர்ந்தால் முதல் மருந்தை நீண்ட நேரம் நிற்கவைக்கும். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, இந்த மருந்தால் அது இன்னும் ஏறும் என்று யோசித்து, அளவைக் குறைத்தேன். ராத்திரி வலது கை விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தது நர்ஸ் இல்லை, நான்தான். தூக்கத்திலேயே திட்டினீர்கள்.

நீங்கள் சொன்னது ஏதோ வாயில் வந்ததில்லை. "யாரு இந்தப் பொண்ணு?" என்று அந்த அம்மா கேட்டார். "யாரோ, ஊசி போடுற பொண்ணு" என்றீர்கள். ஊசி போடுகிறவள்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவளை யாரோ என்றீர்கள்.

பேத்தி


20-ஆம் தேதி, வியாழன்

சிட்டு,

பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் சொல்லுவாய். கடிதம் முழுக்க 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். எனக்கு வேண்டியதுதான்.

நீ வருவதற்கு முன்னால் அந்த வார்டு முழுக்க, "என்னை ஆபரேஷன் பண்ணப்போறதே என் பேத்திதான்" என்று அளந்துவிட்டிருந்தேன். மயக்க மருந்து டாக்டர் என்றால் வெட்டுகிறவருக்குக் கையாள் என்று நினைப்பு எனக்கு. வருஷக்கணக்காக எல்லோரிடமும் நீ வெட்டுகிற டாக்டர் என்றே சொல்லிவந்தேன். நீ ஊசியோடு வந்து நின்றதும் என் பொய் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். என் மானத்தைக் காப்பாற்ற உன்னை விட்டுக்கொடுத்தேன். நீயோ ராத்திரி என் கட்டில் பக்கத்தில் நின்றிருக்கிறாய். கடிதத்தில் அந்த இடத்தைப் படித்ததிலிருந்து கண்ணாடியில் முகம் பார்க்கக் கூசுகிறது.

தையல் பிரிக்கப் போனபோது அந்த அம்மாவும் வந்திருந்தாள். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. தன் கையைத் தடவிக்கொண்டே, "அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? எனக்கும் கொஞ்சம் சேர்த்துப் போடச் சொல்லி உன் பேத்திகிட்ட கெஞ்சியிருப்பேனே" என்றாள்.

மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன். அது பெரியவள் சின்னவளிடம் வேலை வாங்குகிற மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

ஒரு போட்டோ மட்டும் தபாலில் அனுப்பு. ஆபரேஷன் அறையில் போடுகிற அந்தப் பச்சை உடுப்பு, தொப்பி, கையில் ஊசி, எல்லாம் தெரியட்டும். பின்பக்கம் உன் வேலையின் பேரைக் கொட்டை எழுத்தில் எழுது. இனிமேல் தப்பாகச் சொல்லக்கூடாது. அனுப்ப மனசு வராவிட்டால் உன்னைக் கேட்க எனக்கு வாய் கிடையாது. கூடத்துச் சுவரில் ஆணி மட்டும் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பாட்டி