ஓடுபாதையின் மிச்சமும் என் வலது முழங்காலும்

மார்ச் 4, செவ்வாய்

வெட்கக்கேட்டை முதலில் எழுதிவிடுகிறேன். ஓடுபாதையில் விமானம் நின்றுவிட்டது. சுற்றிலும் தீயணைப்பு வண்டிகள். நான் மைக்கை எடுத்து, இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தேன் குழைத்த குரலில் அறிவித்தேன்: “இன்னும் சற்று நேரத்தில் நாம் தரையிறங்கவிருக்கிறோம்.”

நாங்கள் கிளம்பவே இல்லை.

“இதுக்கும் கீழ எங்கங்க இறங்கறது?” என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டாராம். பணிப்பெண் வந்து சொன்னாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நடந்தது இதுதான். இந்த ஊர் ஓடுபாதை குட்டையானது. முடியும் இடத்தில் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் சாலை, சாலையில் ஒரு பேருந்து நிறுத்தம். கிளம்பும் முன் ஒரு வேகம் கணக்கிடுவோம். இன்று 124 நாட், மணிக்குச் சுமார் இருநூற்று முப்பது கிலோமீட்டர். அதற்குள் என்றால் நிறுத்தலாம். தாண்டிவிட்டால், வாலில் தீப்பிடித்தாலும் பறந்தே ஆகவேண்டும்; நிறுத்தப் பாதை போதாது. அந்த வேகம் வந்ததும் துணை விமானி குரல் கொடுப்பாள், நான் எஞ்சின் நெம்புகோலிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மனம் மாறக் கையே அங்கே இருக்காது.

ஓடிக்கொண்டிருக்கும்போது வலது எஞ்சினுக்குத் தீ மணி அடித்தது. நெம்புகோலை இழுத்தேன். பாம்பை மிதிப்பதுபோல் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். தானாகப் பிரேக் பிடிக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதை நம்பிக் காலைக் கட்டிக்கொண்டு உட்கார நான் என்ன பயணியா?

நின்றது. தீ இல்லை. துணை விமானிக்கு நான் வைத்த பெயர் அசரீரி. எது நடந்தாலும் ஒரே சுருதி. அதே சுருதியில் கேட்டாள்: “கேப்டன், நான் வேகத்தச் சொல்லிட்டேனா, இல்ல சொல்லலையா?”

அப்போது சிரித்தேன். இப்போது யோசித்துப் பார்க்கிறேன், எனக்கும் தெரியவில்லை.

மார்ச் 5

இருவரையும் வீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். விமானத்தின் கருப்புப் பெட்டியைப் படித்த பிறகுதான் பறக்கலாம். 124-ஐத் தாண்டி இழுத்திருந்தால் தோளில் இருக்கும் நாலாவது பட்டை, கேப்டன் பட்டை, போய்விடும். போகட்டும். நூற்றுப் பன்னிரண்டு பேரை வைத்துப் பூவா தலையா போட்டவன் என்று ஆகிவிடுமே.

எஞ்சினில் ஒன்றுமில்லையாம். ஒரு வயர் உரசி மணியை அடித்திருக்கிறது. இல்லாத தீக்கு நிறுத்தியிருக்கிறேன்.

மார்ச் 6

வலது முழங்கால் வலிக்கிறது. பின்னே? அறுபது டன்னை நிறுத்திய கால்.

மார்ச் 8

ஃபிசியோதெரபி. சிகிச்சையாளர் முழங்காலை மடக்கி நீட்டி, “எப்படிச் சார் ஆச்சு?” என்றார். சொன்னேன். கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் இடுப்புக்கு வந்தவர் எழுந்து உட்கார்ந்து கேட்டார்.

“ரெண்டு காலாலயும்தான மிதிச்சீங்க? ஒரு முழங்கால் மட்டும் ஏன் வலிக்குது?” என்றார் சிகிச்சையாளர்.

சில ஆட்களுக்குக் கதை கேட்கவே தெரியாது.

மார்ச் 9

மச்சான் வீட்டில் சாப்பாடு. அவர் விருந்தாளிகளுக்காக மறுபடி சொன்னேன். “ஓடுபாதை முடிய அறுபது மீட்டர்தான் மிச்சம்.”

“ஏன் மாப்ள, போன்ல எரநூறுன்னீங்களே?”

மனைவி தலை நிமிராமல், “இன்னும் ரெண்டு வீட்ல சாப்ட்டாருன்னா வேலிய இடிச்சிடுவாரு” என்றாள்.

மேசையே சிரித்தது. நானும்தான். கையைப் பார்த்தேன் – உப்பு டப்பாவை எஞ்சின் நெம்புகோல்போலப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தது.

மார்ச் 11

சிக்னல் மஞ்சளுக்கு மாறியது. தாண்டியிருக்கலாம். மிதித்தேன். பின்னால் வந்தவன் மயிரிழையில் தப்பித்து, என் வம்சத்தையே விசாரித்தான்.

“இங்கயும் கணக்குப் போட்டுட்டுதான் நிறுத்துனீங்களா?” என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி. பிறகு சாவிக்குக் கை நீட்டினாள். கொடுத்துவிட்டேன்.

மார்ச் 12

அசரீரிக்கு போன் பண்ணினேன். “கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்களேன். சொன்னீங்களா, இல்லையா?”

“எட்டு நாளா அதத்தான் யோசிக்கிறேன் கேப்டன். ஒரு நாள் சொன்ன மாதிரி இருக்கு, மறுநாள் சொல்லாத மாதிரி இருக்கு.” முதல்முறையாகச் சுருதி இறங்கியிருந்தது. “சொல்லிட்டேன்னு இருந்தா நீங்க மாட்டுவீங்க. சொல்ல வேண்டியத சொல்லாம விட்டிருந்தா நான் மாட்டுவேன்.”

எட்டு நாளாக நான் மட்டும்தான் தூங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன மனுஷன் நான்.

மார்ச் 14

யாருக்கும் சொல்லாமல் அந்தப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். வேலியிலிருந்து நிறுத்தம்வரை எண்ணி நாற்பத்தொரு அடி வைத்தேன், நொண்டிக்கொண்டே. ஏழு பேர் நின்றார்கள். ஒரு அம்மா ஆரஞ்சுப் பழம் உரித்து, சுளைகளை மகளின் கையில் அடுக்கிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் ஒரு விமானம் எழும்பிப் போனது. நான் மட்டும்தான் குனிந்தேன்.

“சத்தமா இருக்குமே, பயமா இல்லையா?” என்றேன்.

“பழகிடுச்சுங்க. அவங்களுக்குத் தெரியாதா எங்க நிறுத்தணும்னு?” என்று எனக்கும் ஒரு சுளை கொடுத்தார்.



மார்ச் 16

நாளை விசாரணை. சட்டையை மூன்று முறை இஸ்திரி போட்டேன். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்டல் எதுவும் செய்யவில்லை; அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

122.

நெம்புகோலை இழுத்தபோது 122. அசரீரி வேகத்தைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நேரம் வரவில்லை. இருவர் மீதும் குற்றமில்லை, நாளை மறுநாள் முதல் பறக்கலாம் என்றார் அதிகாரி. அசரீரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் வெளியே போய் மனைவிக்கு போன் செய்தேன். “சரி, வீட்டுக்கு வாங்க” என்றவள் போனை வைக்கவே இல்லை. நானும் வைக்கவில்லை.

திரும்பி வந்து அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். அதற்கு முன் ஏழாம் பக்கத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: பிரேக் – தானியங்கி. கால்மிதி, இடது, வலது – விமானம் நிற்கும்வரை அழுத்தப்படவில்லை.

அசரீரியும் தன் பிரதியில் அதே பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

“முழங்கால் எப்படி இருக்கு கேப்டன்?” என்றாள், பழைய சுருதியில்.

இன்னும் வலிக்கிறது.