அன்று எடுக்காத ஸ்கேன்

தாராவி,
வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பி தப்ரேஸுக்கு, ராத்தா ஆபிதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஷார்ஜாவில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. இந்த ஒற்றை அறையில் நான் வாயைத் திறந்தால் உன் மச்சான் காதில் விழும். எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், படித்ததும் அழித்துவிடு.

நேற்று செம்பூர் டாக்டரிடம் போனோம். மச்சானுடைய புராஸ்டேட் புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவியிருப்பதாகப் புது பெட் ஸ்கேனில் தெரிகிறதாம். ஆபரேஷனுக்குப் பிறகு அடியோடு இறங்க வேண்டிய பிஎஸ்ஏ அளவு ரத்தப் பரிசோதனையில் இறங்காதபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

போன வருஷம் ஆபரேஷனுக்கு முன்பே இந்த ஸ்கேனைத்தான் எடுக்கச் சொன்னார் டாக்டர். பழைய சிடி ஸ்கேனும் எலும்பு ஸ்கேனும் நோய் ஓரளவு வளர்ந்த பிறகே காட்டும், இது சின்னப் புள்ளியையும் தேடிப் பிடிக்கும் என்று பொறுமையாக விளக்கினார். அதற்குப் போடும் ஊசியில் கதிர்வீச்சு இருக்குமா என்று மட்டும் மச்சான் கேட்டார். இருக்கும், அன்றைக்குக் கர்ப்பிணிகளை விட்டுத் தள்ளி இருங்கள் என்றார் டாக்டர். உனக்குத் தெரியுமே, அப்போது நம் ஷைஸ்தா தலைப்பிரசவத்துக்கு வந்து நிறைமாதமாக இருந்தாள். கை நீட்டினால் சுவர் இடிக்கிற வீட்டில் எங்கே தள்ளி இருப்பது? "எம் மவ வயித்துப் புள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா நான் இருந்து என்ன செய்ய? பழசே போதும்" என்று சொல்லிவிட்டார். பட்டறையில் பை தைக்கத் தோல் வாங்கினால் வெளிச்சத்தில் பிடித்து நாலு தரம் பார்க்கிற மனுஷன்!

கூத்தைக் கேள். எலும்பு ஸ்கேனுக்குப் போனால் அங்கேயும் அதே மாதிரி ஊசி, அதே எச்சரிக்கை. ஊசி ஏறிய பிறகுதான் இவருக்குத் தெரிந்தது. அவசர ஆர்டர் என்று ஷைஸ்தாவிடம் சொல்லிவிட்டு அன்று பட்டறை மாடியிலேயே படுத்துக்கொண்டார். அங்கே படுக்க முடியுமென்றால் புது ஸ்கேனுக்கே படுத்திருக்கலாமே! நினைக்க நினைக்க நெஞ்சு எரிகிறது. அப்போதாவது திரும்பிப் போய்ப் புது ஸ்கேனைக் கேட்டிருக்கலாம். அதற்குள் பழைய ஸ்கேன் ரிப்போர்ட் சுத்தமாக வந்துவிட்டது. சந்து முழுக்க ஜிலேபி கொடுத்தோம்.

முன்பே தெரிந்திருந்தால் ஆபரேஷன் செய்திருக்க மாட்டேன், மருந்திலேயே தொடங்கியிருப்பேன் என்கிறார் டாக்டர். இப்போதும் ஊசி மாத்திரையில் அடக்கி வைக்கப் பார்க்கலாமாம். ஆனால் கத்தி வைத்த நாளிலிருந்து இவருக்குச் சிறுநீர் சொட்டுவது நிற்கவில்லை. ஒவ்வொரு வேளைத் தொழுகைக்கும் புதிதாகக் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு வாருங்கள், குற்றமில்லை என்று இமாம் வீட்டுக்கே வந்து சொன்னார். இவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக்கூடப் போவதில்லை. இன்றும் பாங்கு கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முதலிலேயே ஏன் நல்ல ஸ்கேன் எடுக்கவில்லை என்று ஷைஸ்தா தினமும் போனில் கேட்கிறாள். நீ அவளுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறாய், உன்னிடமும் கேட்பாள். டாக்டர் சொல்லவில்லை என்று சொல்லிவிடாதே, பாவம், அவர் சொன்னார். மிஷின் ரிப்பேராகிக் கிடந்தது என்று சொல். அந்தப் பொய்யின் பாவம் என் தலையில் இருக்கட்டும். அவள் மகள் உமைரா இப்போதுதான் நடக்கப் பழகுகிறாளாம். விழுந்து எழுந்து ஓடி வருகிற பிள்ளையைத் தூக்க, பெற்றவள் கை ஒரு நொடிகூடத் தயங்கக் கூடாது தம்பி.

அல்லாஹ் அந்தப் பிள்ளைக்கு நீண்ட ஹயாத்தைத் தரட்டும்.

உன் ராத்தா,
ஆபிதா