புரட்டாசி நண்டு

1978 செப்டம்பர் 24, ஞாயிறு

என் குத்தகை ஏரியில் இன்று கடல் நண்டு பிடிபட்டது. வயலில் ஓடுகிற சின்ன நண்டில்லை. சோற்றுத் தட்டளவு உடம்பு, பாக்குவெட்டி மாதிரி கொடுக்கு. என்னோடு வேலை பார்க்கிற தனம் வலையை இழுத்தாள், பாதி வலைதான் வந்தது. மீதியை இது வெட்டிப் போட்டிருக்கிறது. "அக்கா, இது நம்ம ஊரு சாமான் இல்ல" என்றாள்.

எனக்குத் தெரியாதா? கருவாடு வாங்க மரக்காணம் போகும்போதெல்லாம் பார்க்கிற நண்டுதான். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஏரிக்கு எப்படி வந்தது? பஸ் ஏறியா?

செப்டம்பர் 26

ஊர்க்கூட்டம். கரையில் பொந்து பொந்தாக இருக்கிறதாம். ஐப்பசி மழைக்குக் கரை உடைந்தால் நெல் போச்சு. அந்தப் பயம் பொய்யில்லை, நானும் பொந்தைப் பார்த்தேன். ஆனால் நாட்டாண்மை ஆதிமூலம் கையை நேராக என் பக்கம் நீட்டினார். "வாரா வாரம் கடல் பக்கம் போறது யாரு? நானா?"

முடிவு இது: ஐப்பசி முதல் தேதிக்குள் நண்டை ஒழிக்க வேண்டும். இல்லையென்றால் மீன் குத்தகை வேறு ஆளுக்கு ஏலம் போகும். அதோடு இன்னொன்று. புரட்டாசி முடிகிறவரை ஏரியில் எதையும் கொல்லக் கூடாது.

ஒழிக்க வேண்டும், கொல்லக் கூடாது. "அப்போ நண்டுகிட்ட பேசிப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டேன். ஊரே சிரித்தது. ஆதிமூலம் மட்டும் சிரிக்கவில்லை.

சிரிக்க வைத்துவிட்டு வந்தேனே தவிர, வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. நாற்றம் என்று கண்டக்டர் இறக்கிவிட்ட கருவாட்டுக் கூடையைத் தலையில் சுமந்து நடந்தவள் நான். தலையில் தூக்காமல் நான் சம்பாதித்த முதல் பொருள் இந்த ஏரி. விடுவேனா?

செப்டம்பர் 28

மீன்வளத் துறை ஆபீசில் உட்கார்ந்தே தீர்த்தேன். பரசுராமன் என்று ஓர் ஆபீசரை என்னோடு அனுப்பினார்கள். பேண்டைக் கழற்றி லுங்கி கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். அப்போதே அந்தப் பிள்ளைமேல் நம்பிக்கை வந்துவிட்டது.

பொந்து எல்லாவற்றிலும் கை விட்டுப் பார்த்தார். சின்னதெல்லாம் வயல் நண்டுடையது, தாத்தா காலத்துப் பொந்து. பெரிய பொந்து நாலைந்துதான் கடல் நண்டு போட்டதாம். வலை போடாதீங்க, கூண்டு வையுங்க, எந்த இடத்தில் பிடித்தது, ஆணா பெண்ணா என்று பார்த்து வையுங்க என்றார். வயிற்று மடிப்பு அகலமாக இருந்தால் பெண், குறுகலாக இருந்தால் ஆண். தனத்துக்கு ஒரே சிரிப்பு.

ஐந்தாவது வகுப்போடு நின்றவள் இன்று ஆராய்ச்சிக்குத் தலைவி.

அக்டோபர் 1

பெருச்சாளிக் கூண்டு வாங்கி இறக்கினேன். இரை, புரட்டாசியால் விற்காமல் கிடந்த சுறாக் கருவாடு. கரையில் நடந்தவர்கள் எல்லாம் மூக்கால் விரதத்தை முறித்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 6

ஏழு நண்டு ஆயிற்று. ஏழும் பெண். ஏழும் முட்டை நண்டு.

பரசுராமன் இன்று மறுபடியும் வந்தார். புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "தானா வந்திருந்தா ஆணும் பொண்ணும் கலந்திருக்கும்மா. இது யாரோ பொறுக்கி வாங்கினது." இன்னொன்றும் சொன்னார். உப்புத் தண்ணீர் இல்லாமல் இதன் முட்டை பொரிக்காது. ஏரியில் ஒரு குஞ்சுகூடப் பெருகாது.

ஊரில் சொல்லிவிடலாமா என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்க என்றேன். இப்போது சொன்னால் பயம் தீரும். என்மேல் போட்ட பழி தீருமா?

வியாபாரி முட்டை நண்டு மட்டும் பொறுக்க மாட்டான். எடைக்குப் பெரிய கொடுக்கு ஆண் நண்டைத்தான் எடுப்பான். இது வீட்டுக்கு வாங்கினது. நாக்கு நீளமான வீடு. யார் வீடு?

அக்டோபர் 11

பதினொன்று. கல் உப்புக் கரைத்த சிமெண்டுத் தொட்டியில், திருவண்ணாமலையில் என் கருவாட்டு குடோனில் உயிரோடு வைத்திருக்கிறேன். எத்தனை என்று தனத்துக்கும் எனக்கும்தான் தெரியும். ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

கரையோர டீக்கடையில் மட்டும் ஒரு பேச்சைப் போட்டுவிட்டு வந்தேன். ஐப்பசி பிறந்ததும் நண்டு அத்தனையும் பாண்டிச்சேரி ஓட்டலுக்குப் போகிறது என்று. யார் வயிறு எரிகிறது, பார்க்கலாம்.

அக்டோபர் 14, கடைசிச் சனிக்கிழமை

எரிந்துவிட்டது.

நாட்டாண்மை வீட்டம்மா ஜோதியம்மாள் பெருமாள் கோயிலுக்கு வந்தவள், துளசியும் தேங்காயுமாக என் குடோனில் நுழைந்தாள். சும்மா பார்க்க வந்தாளாம். கருவாட்டு குடோனுக்கு, புரட்டாசி சனிக்கிழமையில்! தொட்டியை எட்டிப் பார்த்தாள். எண்ணுகிற மாதிரி உதடு மட்டும் அசைந்தது. பிறகு மெதுவாக, "இன்னும் ஒண்ணு இருக்குமே, சந்திரம்மா" என்றாள்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, சோடா வாங்கிக் கொடுத்தேன். சோடா இறங்க இறங்க எல்லாம் வெளியே வந்தது.

ஆவணிக் கடைசி நாள் மரக்காணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன ஆதிமூலம், முட்டை நண்டாகப் பார்த்துப் பொறுக்கிப் பன்னிரண்டு வாங்கியிருக்கிறார். பஸ் தாமதம். வீடு வந்து சேர்வதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. இவள் வீட்டைக் கழுவி விளக்கேற்றிவிட்டு, கோணியோடு வாசற்படி ஏற விடவில்லை. தூக்கி எறிய அவருக்கு மனம் வருமா? கோணியைக் கட்டி, ஏரி மதகுக் கல்லில் கயிறு போட்டு மூழ்க வைத்திருக்கிறார். "ஒரு மாசந்தான, தண்ணியிலதான இருக்குதுன்னாரு. மருமவ முழுகாம இருக்கா, அவளுக்குன்னு வெளிய பேச்சு. துன்றது இவருதான்."

நண்டுக்குப் புரட்டாசி தெரியுமா? கோணியை அறுத்துக்கொண்டு போய்விட்டது.

கண்ணில் தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சேன். அவ போனப்புறம்தான் கோவம் ஏறிச்சு. யோவ், நீ கொண்ணாந்து உட்டுட்டு, ஊர் முன்னாடி என்னப் பாத்தாய்யா கை நீட்டின? உங்க வீட்டு நாக்குக்கு என் ஏரி போவணுமா?

அக்டோபர் 15

கூட்டத்தில் போட்டு உடைக்கலாம். உடைத்தால் என்ன கிடைக்கும்? ஒரு சாயங்காலச் சிரிப்பு. அப்புறம் ஆயுசுக்கும் ஒரு பகை. ஏரியில் அவர் பேச்சுதான் செல்லும். செல்லுகிற பேச்சை உடைப்பானேன், வாங்கிக்கொள்ளலாம்.

அக்டோபர் 16

சொல்லி அனுப்பினேன், தனியாக வந்தார். துண்டு தோளில் இல்லை, கையில் இருந்தது. தொட்டியைப் பார்த்து எச்சில் விழுங்கினார். அந்த நேரத்திலும்!

"ஜோதி சொல்லிட்டாளா?"

"அவங்க ஒண்ணும் சொல்லலீங்கண்ணா. கணக்குதான் சொன்னாங்க."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஊரு சிரிக்கும், சந்திரம்மா."

"சிரிக்காம பாத்துக்கலாம், உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். பேசினோம்.

அக்டோபர் 18, ஐப்பசி 1

கூட்டம் முடிந்தது. கடல் நண்டு நம் ஏரியில் பெருகாது என்று பரசுராமன் எல்லோருக்கும் புரியும்படி எடுத்துச் சொன்னார். சந்திரம்மாள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று நாட்டாண்மை எழுந்து நின்று சொன்னார். அப்படியானால் நண்டு எப்படி வந்தது என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். "ஏதாச்சும் கொக்கு தூக்கியாந்து போட்டிருக்கும்" என்றார். எனக்கு இருமல் வந்துவிட்டது.

பேசி முடித்தது இது: ஏலம் இல்லாமல் மூன்று வருஷம் ஏரி எனக்கு, பழைய குத்தகைக்கே. பெரிய பொந்துகளை மழைக்கு முன் அவர் செலவில் களிமண் போட்டு அடைக்க வேண்டும். அறுந்த வலைக்குப் புது வலை. பதினொரு நண்டும் அவர் வீட்டுக்கு, மரக்காணம் விலை, அதோடு என் உப்புச் செலவு. பன்னிரண்டாவது எப்போது அகப்பட்டாலும் அது எனக்கு, இனாம்.